வாசகர் கேள்விகள்: மேசையில் இருமுறை குதிக்கும் சர்வீஸ்

கேள்வி: உலகத் தரப் போட்டிகளில் முன்னணி டேபிள் டென்னிஸ் வீரர்கள் பெரும்பாலும் வலையை ஒட்டி, வேகமின்றியே சர்வீஸ் போடுகிறார்கள். வேகமாகப் போட்டால் எதிராளி திணற மாட்டாரா?

பதில்: ஒருமுறை திணறுவார், அடுத்த முறை அதை எதிர்பார்த்தே நிற்பார். மேசையின் நீளம் 2.74 மீட்டர்தான். அதன் விளிம்பைத் தாண்டி வெளியே வரும் பந்துக்கு, மட்டையைப் பின்னுக்கு இறக்கி முழு வீச்சில் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) அடிக்க எதிராளிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. தொடாமல் விட்டால் மேசையிலேயே இரண்டாம் முறை குதிக்கக்கூடிய குட்டை சர்வீஸில் அந்த வசதி இல்லை. கை வீச மேசையே தடையாக நிற்கும். எதிராளியை மெல்லத் தட்டித் திருப்ப வைத்து, மூன்றாவது பந்தில், அதாவது தன் அடுத்த அடியில், தாக்குவதே சர்வீஸ் போடுபவரின் நோக்கம்.

இந்தக் கணக்கைக் குலைத்தது சிக்கிட்டா எனப்படும் பேக்ஹேண்ட் (புறங்கை) அடி. முழங்கையை உயர்த்தி, மட்டையின் நுனி தன் வயிற்றை நோக்கும்படி மணிக்கட்டை உள்ளே மடக்கி, பந்து எழும்பிய உச்சியில் அதன் பக்கவாட்டை உரசிச் சுழற்றினால், மேசைக்கு மேலேயே டாப்ஸ்பின் அடிக்க முடிகிறது. செக் வீரர் பெட்ர் கோர்பெல் இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார் என்றாலும், 2011-இல் உலகப் பட்டத்தையும் 2012-இல் லண்டன் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்ற சீனாவின் ஜாங் ஜிகே தான் இதை முதன்மை ஆயுதமாக்கிக் காட்டினார். இன்று ஃபோர்ஹேண்ட் பக்கம் குட்டையாக விழும் பந்தைக்கூட, வலக்கை ஆட்டக்காரர்கள் வலது காலை மேசைக்கு அடியில் நுழைத்துப் பேக்ஹேண்டால் அடிக்கிறார்கள். அப்படி நகர்பவரின் பேக்ஹேண்ட் மூலை காலியாகிவிடும். நீங்கள் சொல்லும் வேகமான சர்வீஸுக்கு வேலை வருவது இங்கேதான்: எதிராளி முன்னே அடியெடுத்து வைக்கத் துடிக்கும் நேரம் பார்த்து, அந்த மூலைக்கோ அவருடைய முழங்கைக்கு நேராகவோ ஒன்றைப் போட வேண்டும். அடிக்கடி போட்டால் அதன் மதிப்புப் போய்விடும். 9-9 என்ற நிலையில் அதைத் துணிந்து போடுபவர்களை, அந்தப் புள்ளியை இழந்தாலும், எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: ஒரே கையசைவில் போடும் சர்வீஸ்களில் ஒன்றை எதிராளி வலையில் அடிக்கிறார், மற்றொன்றை உயரத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். தொலைக்காட்சியில் எங்களுக்கு வேறுபாடே தெரிவதில்லையே?

பதில்: எதிரே நிற்பவருக்கும் பல நேரம் தெரிவதில்லை. மட்டையின் நுனிப்பகுதியால் பந்தின் அடியை மெல்லிதாக உரசினால் கனமான பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) கிடைக்கும். அதே வீச்சில், வேகம் குறைவாக உள்ள கைப்பிடியோரத்தில் பந்தைத் தொட்டால் சுழற்சி ஏறக்குறைய இராது. பேக்ஸ்பின் என்று நம்பி, சுழலாத பந்தின் அடியில் மட்டையைக் கொடுத்தால் பந்து உயர எழுந்து, அடுத்த அடிக்குத் தோதாக நிற்கும். முன்பெல்லாம் பந்தைத் தொடும் கணத்தையே கையாலும் உடலாலும் மறைத்துவிடுவார்கள். 2002-இல் அதற்குத் தடை வந்தது. ஆகவே இன்றைய ஏமாற்று, பந்தைத் தொட்ட பிறகு மட்டையை வேறு திசையில் வேண்டுமென்றே இழுத்துக் காட்டுவதில் இருக்கிறது. பார்க்கும்போது கையின் ஓட்டத்தை விட்டுவிட்டு, மட்டையும் பந்தும் சந்திக்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: மேசையிலிருந்து விலகி நின்று பந்தை வெட்டி வெட்டித் திருப்பும் தடுப்பாட்டக்காரர்கள் ஏன் குறைந்துவிட்டார்கள்?

பதில்: பந்து மாறியது ஒரு முக்கியக் காரணம். 2000-இல் அதன் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆயிற்று. 2014-இல் செல்லுலாய்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வந்தது. இரண்டு மாற்றங்களிலும் சுழற்சி குறைந்தது. சுழற்சியை நம்பியே வாழும் வெட்டு அடிக்கு அது பெரிய இழப்பு. தென் கொரியாவின் ஜூ செ-ஹ்யுக் 2003 உலகப் போட்டியின் இறுதி வரை சென்றார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வெறுமனே தடுத்துக்கொண்டிருந்தவர் அல்லர். சற்றே உயர்ந்து வந்த பந்தை ஃபோர்ஹேண்டால் பாய்ந்து அடிப்பவர். தடுப்பு மட்டுமே தெரிந்த ஆண் வீரர் ஒருவர் இனி உலகப் பட்டம் வெல்வார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.