பின்தங்கிய பள்ளிகளையும் பள்ளி மாவட்டங்களையும் ஒரு மாநிலக் கல்வித்துறை எப்படிக் கைதூக்கிவிட முடியும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வருடக்கணக்காகக் கடைசி வரிசையிலேயே நிற்கும் பள்ளிகளுக்கு மாநிலக் கல்வித்துறை உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, இல்லை அறிக்கை கேட்பதோடு அதன் வேலை முடிந்துவிடுமா? முடியும் என்றுதான் சொல்வேன். விஷயம் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து, வகுப்பறைக்குள் அனுப்பி, சில வருடங்கள் அங்கேயே இருக்க விட்டால் முடியும்.

நான் 2012-லிருந்து டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்தில் வசிக்கிறேன். வேலை பார்ப்பது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், மிசிசிப்பியில் ஒரு தொடக்கப் பள்ளியில், உதவி ஆசிரியையாக. வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். அதனால் ஒரே நோய்க்கு இரண்டு மாநிலங்கள் இரண்டு விதமாக மருந்து தேடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளி மாவட்டம் என்றால் கலெக்டர் இருக்கும் மாவட்டம் இல்லை. அது தனி அமைப்பு. அதற்கென்று ஒரு குழு, பெரும்பாலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. ஆசிரியரை வேலைக்கு எடுப்பது, சம்பளம் கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். பணத்தில் ஒரு பெரிய பங்கு அந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீடுகள் மலிவான ஊரில் வரியும் குறைவு, பள்ளியும் ஏழை. மாநிலக் கல்வித்துறை பாடத்திட்ட அளவுகோல் வகுக்கும், தேர்வு வைக்கும், பணத்தில் ஒரு பங்கு தரும். ஆனால் வகுப்பறை அதன் கைக்கு நேராக எட்டாது. எட்டாத கை பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது: படிவம் அனுப்புகிறது, அல்லது பள்ளியையே பறித்துக்கொள்கிறது.

சட்டமும் சும்மா இருக்க விடாது. 2015 டிசம்பரில் வந்த ஒன்றியச் சட்டப்படி, ஏழைப் பிள்ளைகளுக்கான ஒன்றிய நிதி பெறும் பள்ளிகளில் கடைசி 5 சதவீதத்தை மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது மாநிலம் அடையாளம் காண வேண்டும். அந்த நிதியில் 7 சதவீதத்தை அவற்றை மேம்படுத்த ஒதுக்கவும் வேண்டும். ஆக, பட்டியல் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. பட்டியல் போட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம்.

மெம்ஃபிஸ் கதையை முதலில் சொல்கிறேன். 2010-ல் ஒன்றிய அரசு நடத்திய 'ரேஸ் டு த டாப்' போட்டியில் டென்னசி சுமார் 500 மில்லியன் டாலர் வென்றது. அதோடு பிறந்ததுதான் அச்சீவ்மென்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு. மாநிலத்தின் கடைசி 5 சதவீதப் பள்ளிகளை உள்ளூர் மாவட்டத்திடமிருந்து எடுத்து, பெரும்பாலும் தனியார் நிர்வாகத்தில் இயங்கும் சார்ட்டர் அமைப்புகளிடம் கொடுத்து, ஐந்தே வருடத்தில் முதல் 25 சதவீதத்துக்குள் கொண்டுவருவோம் என்றார்கள். 2012-ல் ஆறு பள்ளிகளோடு தொடங்கி, பிறகு முப்பதைத் தாண்டியது. பெரும்பாலான பள்ளிகள் மெம்ஃபிஸில்தான்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். அவருடைய பேரன் படித்த பள்ளியும் அப்படிக் கைமாறியது. பேரன் மட்டுமில்லை, அந்தப் பாட்டியின் பிள்ளைகளும் அங்கேதான் படித்தவர்கள். ஒரே கோடை விடுமுறையில் தெரிந்த முகங்கள் எல்லாம் போய்விட்டன, உணவுக்கூடத்தில் சாப்பாடு போடுகிற அம்மா உட்பட. புதிதாக வந்த ஆசிரியர்கள் சின்ன வயசுக்காரர்கள், நல்ல மனசுக்காரர்கள், ஆனால் அடுத்த வருடம் அவர்களில் பாதிப்பேர் இல்லை. "எங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கலை" என்று பாட்டி திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த வருத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

2015-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, மாநிலம் எடுத்துக்கொண்ட பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை. அதே மெம்ஃபிஸில் உள்ளூர் மாவட்டமே தன் கையில் வைத்துக்கொண்டு நடத்திய 'ஐ-ஸோன்' பள்ளிகளில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அங்கே செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. தேர்ந்த தலைமை ஆசிரியரைப் போட்டு அவருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தார்கள். நல்ல ஆசிரியர் வருவதற்குக் கூடுதல் பணம் தந்தார்கள். பள்ளி நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டினார்கள். கடைசியில் 2025-ல், மாநிலத்தின் அந்த அமைப்பையே முடித்துக்கொள்ளச் சட்டமன்றம் ஓட்டுப் போட்டது.

மெம்ஃபிஸில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2011 முதல் 2016 வரை மாநிலங்கள் கையகப்படுத்திய பள்ளி மாவட்டங்களை மொத்தமாக ஆராய்ந்தவர்களும், சராசரியாகப் பிள்ளைகளின் படிப்பு உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றுதான் சொன்னார்கள். பணம் மட்டும் கொடுத்தும் பார்த்தாயிற்று. பள்ளி மேம்பாட்டு மானியம் என்று ஒன்றிய அரசு சுமார் 7 பில்லியன் டாலர் செலவழித்தது. தலைமை ஆசிரியரை மாற்று, பாதி ஆசிரியரை மாற்று, சார்ட்டருக்குக் கொடு, மூடிவிடு என்று நான்கு வழிகள் வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 2017 ஜனவரியில் வந்த அரசு ஆய்வு, மதிப்பெண்ணிலும் பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதத்திலும் அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது.

சரி, மிசிசிப்பிக்கு வருவோம். நாட்டிலேயே ஏழை மாநிலங்களில் ஒன்று. நாடு முழுக்க மாதிரி எடுத்து நடத்தும் 'நேப்' தேர்வில், 2013-ல் நான்காம் வகுப்பு வாசிப்பில் அதற்கு 209 புள்ளி. 50 மாநிலங்களில் ஏறக்குறைய கடைசி. 2019-ல் 219 புள்ளி எடுத்துத் தேசிய சராசரியைத் தொட்டது. 2024-ல் அதே 219-ஐத் தக்கவைத்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு மற்ற மாநிலங்கள் சரிந்துவிட்டதால் அந்த ஆண்டு அதற்கு ஒன்பதாம் இடம்.

2013-ல் இரண்டு விஷயம் நடந்தது. வாசிப்பை வைத்து மூன்றாம் வகுப்பிலிருந்து தேர்ச்சி தரும் சட்டம் வந்தது. கேரி ரைட் என்ற அம்மையார் மாநிலக் கல்வித்துறையின் தலைவராக வந்தார், 2022 வரை இருந்தார். ஒரே ஆள் ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தது சின்ன விஷயம் இல்லை. துறை எல்லாப் பள்ளிக்கும் எல்லாவற்றையும் செய்ய முயலவில்லை. மூன்றாம் வகுப்பு முடியும்போது பிள்ளை வாசிக்க வேண்டும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டது. வாசிப்புப் பயிற்றுநர்களைத் துறையே வேலைக்கு எடுத்து, மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆசிரியர்களுக்கு 'லெட்டர்ஸ்' என்ற நீண்ட பயிற்சியை இலவசமாகக் கொடுத்தது. 2016-லிருந்து, தொடக்கப் பள்ளி ஆசிரியராக வருகிறவர் வாசிப்பு கற்பிப்பதில் தனித் தேர்வு எழுதித் தேற வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 15 மில்லியன் டாலர். டென்னசி வென்ற பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் பள்ளிக்கும் அப்படி ஒரு பயிற்றுநர் வந்தார். முதல் மாதம் யாரும் அவரிடம் சரியாகப் பேசவில்லை. மேலிடத்திலிருந்து ஆள் வந்தால் குறை எழுதிக்கொண்டு போகத்தான் வருவார் என்று எல்லோருக்கும் பழக்கம். நான் தமிழ்நாட்டில் இரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள். பார்வையிட அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே பதிவேடுகளைச் சரிபார்த்து, சுவரில் சார்ட் ஒட்டிய அனுபவம் எனக்கும் உண்டு. இந்த அம்மா பதிவேட்டைக் கேட்கவே இல்லை. "நான் மார்க் போட வரலை, உங்களைப் பத்தி யார்கிட்டயும் ரிப்போர்ட் எழுத மாட்டேன்" என்றார். வகுப்பிலேயே கஷ்டப்படுகிற நான்கு பிள்ளைகளை அரைவட்ட மேசைக்கு அழைத்து, ஆசிரியை முன்னாலேயே அவரே பாடம் எடுத்தார். மறுநாள் ஆசிரியை எடுத்தார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு இருவரும் பேசினார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் வீதம், மூன்று வருடம் இது நடந்தது.

என்ன கற்பித்தார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் பிள்ளைக்கு ஒரு சொல் தெரியவில்லை என்றால், படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், என்னவாக இருக்கும் என்று ஊகி என்று சொல்வோம். 'ஹார்ஸ்' (குதிரை) என்று அச்சிட்டிருக்கும், பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு 'போனி' (குட்டைக் குதிரை) என்று படிக்கும், நாங்களும் பொருள் சரிதானே என்று விட்டுவிடுவோம். படம் இல்லாத புத்தகம் வரும்போது அந்தப் பிள்ளை நின்றுவிடும். தமிழில் 'க' என்று எழுதினால் ஏறக்குறைய அப்படியே படித்துவிடலாம். ஆங்கிலம் அப்படி இல்லை, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாகச் சொல்லித்தர வேண்டும். பயிற்றுநர் வண்ண வில்லைகளை வைத்துச் செய்து காட்டினார். பூனையைக் குறிக்கும் 'கேட்' (cat) என்ற சொல்லுக்கு மூன்று ஒலி, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வில்லையைப் பிள்ளை நகர்த்த வேண்டும். அப்புறம் அந்த இடத்தில் எழுத்து வரும். எங்கள் வகுப்பு ஆசிரியைக்கு இருபது வருட அனுபவம். ஒரு நாள் மதியம் அவர் கண் கலங்கி, "இதை எனக்கு காலேஜ்ல யாரும் சொல்லித்தரலையே" என்றார். அவருக்குத் தெரியாதது அவருடைய குற்றமா? சுற்றறிக்கை அனுப்பிச் சரிசெய்யும் விஷயமா அது?

இந்தத் திட்டத்தில் எனக்கு மனம் ஒப்பாத பகுதியும் உண்டு. மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறாத பிள்ளை, சில விதிவிலக்குகள் தவிர, அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை தேர்வன்று காலையில் வாந்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் உயர்ந்ததே பலவீனமான பிள்ளைகளை நிறுத்தி வைத்ததால்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, முதல் வருடம் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகள், மயிரிழையில் தேறிப் போன பிள்ளைகளைவிட ஆறாம் வகுப்பில் மொழிப்பாடத்தில் தெளிவாக மேலே இருந்ததாகச் சொன்னது. எனக்குத் தெரிந்தவரை, நிறுத்தி வைப்பதால் மட்டும் எந்தப் பிள்ளையும் படிக்காது. நிறுத்தி வைத்த வருடத்தில் தினமும் யார் பக்கத்தில் உட்கார்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது. பயிற்றுநரை அனுப்பாமல் தேர்வை மட்டும் காப்பியடிக்கும் மாநிலத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்படியானால் மாநிலம் எந்த மாவட்டத்தையும் கையில் எடுக்கவே கூடாதா? மாசச்சூசெட்ஸில் லாரன்ஸ் நகரம் இருக்கிறது. 2011 கடைசியில் மாநிலம் அதைக் கையில் எடுத்து, ஜெஃப் ரைலி என்பவரை நியமித்தது. இரண்டு வருடத்தில் பாதித் தலைமை ஆசிரியர்களை அவர் மாற்றினார். ஆனால் ஆசிரியர்களில் பெரும்பாலோரை வைத்துக்கொண்டார். பள்ளி விடுமுறை வாரங்களில், தடுமாறும் பிள்ளைகளைப் பத்துப் பேர் அளவிலான சிறு குழுக்களாகச் சேர்த்து, தேர்ந்தெடுத்த ஆசிரியர்களை வைத்துப் பாடம் நடத்தினார். கணக்கில் பெரிய முன்னேற்றம், வாசிப்பில் ஓரளவு. கையில் எடுத்தாலும் அங்கே வேலை செய்தது அதே விஷயம்தான்: இருக்கிற ஆசிரியர்களை நம்பி, நல்ல ஆசிரியரையும் தேவைப்படும் பிள்ளையையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. ஊரே எதிர்த்து நிற்கும்போது, உள்ளூர்க் குழு பணத்தைச் சீரழிக்காத இடத்தில், கையகப்படுத்துவதால் என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை.

மிசிசிப்பிக்கு இன்னும் முடியாத வேலை இருக்கிறது. எட்டாம் வகுப்பு வாசிப்பில் இந்த மாநிலம் 2024-லும் தேசிய சராசரிக்குக் கீழேதான் இருந்தது. வண்ண வில்லை நகர்த்திப் படித்த பையன் ஒருவன் இப்போது நடுநிலைப் பள்ளியில் இருக்கிறான். போன மாதம் கடையில் பார்த்தேன். எதைக் கொடுத்தாலும் படித்துவிடுகிறான். ஆனால் அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்த பிறகு அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் திணறுகிறான் என்று அவன் அம்மா சொன்னார். அங்கே யாராவது பயிற்றுநர் வருகிறாரா என்று கேட்டேன். அவனுடைய பள்ளிக்கு யாரும் வருவதில்லையாம்.