வெள்ள நிவாரணம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் வடசென்னையில் கொருக்குப்பேட்டைக்காரி. 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பிள்ளைகளோடு சேர்ந்து அப்படியே பக்கத்துத் தெருக்களுக்கும் போனேன், அதுதான் தொடக்கம். 2023 மிக்ஜாம் புயலின்போது எங்கள் மகளிர் குழுவோடு மூன்று வாரம் நிவாரண வேலை பார்த்தேன். உதவ நினைக்கிறவர்கள் எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பெரம்பூர், கல்லூரி மாணவி: அக்கா, எங்கள் காலேஜில் எல்லாரும் பழைய துணி சேகரிக்கிறோம். எங்கே கொண்டுவந்து கொடுக்கலாம்?

கண்ணு, அந்த மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் பழைய துணி வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் பழைய துணி மலை மாதிரிக் கிடந்தது. யாரும் தொடவில்லை. மழையில் நனைந்து அதுவே குப்பையானது.

2023-ல் எங்கள் தெருமுனையில் ஒரு வண்டி ஆறு மூட்டை இறக்கிவிட்டுப் போனது. ஒரு பாட்டி ஈரப் புடவையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஜரிகை வைத்த ரவிக்கை, பள்ளிக்கூட டை, ஜிப் போன ஜீன்ஸ், ஒற்றைக் கால் சாக்ஸ். அரை மணி நேரம் கிளறினார். அவருக்கு வேண்டியிருந்தது காய்ந்த உள்பாவாடை ஒன்று. ஆறு மூட்டையிலும் அது இல்லை.

அதனால் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டுப் புதிதாக வாங்குங்கள். நைட்டி, உள்பாவாடை, லுங்கி, துண்டு, எல்லா அளவிலும் உள்ளாடை, நாப்கின், போர்வை, பாய். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்குப் பெரிய அளவு டயப்பர். கூச்சத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்காத சாமான்கள் இவை. நாப்கினையும் உள்ளாடையையும் கறுப்புக் கவரில் போட்டுப் பெண்கள் கையால் பெண்களிடமே கொடுங்கள்.

மாதவரம், குடியிருப்போர் சங்கச் செயலாளர்: தினமும் 500 சாப்பாட்டுப் பொட்டலம் தரலாம் என்று இருக்கிறோம். எத்தனை நாளுக்குத் தரலாம்?

சார், நாள் கணக்கு பார்க்க வேண்டாம். "அடுப்பு எரிகிறதா?" என்று கேளுங்கள். தண்ணீர் நிற்கும் வீட்டில் சிலிண்டர் மிதக்கும், அடுப்பு பர்னரில் சேறு இருக்கும். அங்கே அரிசி மூட்டை கொடுத்தால் வைக்க இடம்கூட இருக்காது. அடுப்பு எரியும்வரை சமைத்த சாப்பாடுதான். சாம்பார் சாதம் சீக்கிரம் கெட்டுவிடும், புளி சாதமோ எலுமிச்சை சாதமோ தாங்கும். எத்தனை மணிக்குக் கட்டியது என்று பொட்டலத்தின் மேல் எழுதிவிடுங்கள்.

அடுப்பு எரிய ஆரம்பித்ததும் பொட்டலத்தை நிறுத்திவிட்டு மளிகைக்கு மாறுங்கள். பெரும்பாலும் 5 கிலோ அரிசிப் பைதான் வருகிறது. நிவாரணக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. அதில் பெரும்பகுதி அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராமில் வந்துவிடும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 11 கிலோ அரிசி, ஒன்றே முக்கால் கிலோ பருப்பு, முக்கால் லிட்டர் எண்ணெய் ஆகும். 5 கிலோ மூன்று நாளில் தீர்ந்துவிடும். வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் சரி, ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் முழுதாக வருகிற மாதிரிக் கொடுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், டீத்தூள், தீப்பெட்டியை மறக்காதீர்கள்.

வியாசர்பாடி: தண்ணீர் பாட்டில் வாங்கி அனுப்பலாமா அக்கா?

முதல் நாள் அனுப்புங்கள். அப்புறம் மூடி போட்ட குடம் வாங்கிக் கொடுங்கள், வீட்டுக்கு இரண்டு. மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கும், பிடிக்கப் பாத்திரம் இருக்காது, எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். குடிக்க, சமைக்க, கழுவ என்று ஒரு ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டராவது வேண்டும். பாட்டிலில் அது ஆகாது. கூடவே குளோரின் மாத்திரை கொடுங்கள். 20 லிட்டருக்கு ஒன்று என்பதும் உண்டு, பெரிய தொட்டிக்கான மாத்திரையும் உண்டு. உறையில் போட்டிருக்கும் அளவைப் படித்துத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். கலங்கல் தண்ணீரை வேட்டியை மடித்து வடிகட்டிய பிறகுதான் மாத்திரை போட வேண்டும். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அம்பத்தூர்: லாரியைக் கண்டதும் கூட்டம் முண்டியடிக்கிறது. ஒருமுறை எங்கள் பையன் கீழே விழுந்துவிட்டான். எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

லாரி நிற்பது மெயின் ரோட்டில். முன் வரிசை வீட்டுக்கு மூன்று தடவை கிடைக்கும். உள்ளே நாலாவது சந்தில் இருக்கிறவர்களுக்குச் செய்தி போவதற்குள் லாரி காலி. அந்தப் பயத்தில்தான் முண்டியடிக்கிறார்கள், பேராசையில் இல்லை.

முதல் நாள் சாயந்திரமே ஒரு நோட்டோடு போங்கள். அந்தப் பகுதி அங்கன்வாடி டீச்சரைப் பிடியுங்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் கர்ப்பிணி என்ற பதிவேடு அவரிடம் இருக்கும். மகளிர் குழுப் பெண்களுக்குத் தனியாக இருக்கும் வயதானவர்களைத் தெரியும். வீடு வீடாக எண்ணி டோக்கன் கொடுத்துவிட்டு வாருங்கள். மறுநாள் உள்சந்திலிருந்து ஆரம்பித்து மெயின் ரோட்டுக்கு வாருங்கள். வாடகை வீட்டுக்காரர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அவர்களைத் தேடிப் போங்கள். அரசு 2023-ல் 6,000 ரூபாயைப் பெரும்பாலும் ரேஷன் கார்டை வைத்துத்தான் கொடுத்தது. கார்டு இல்லாதவர் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கொளத்தூர்: கொடுக்கும்போது போட்டோ எடுக்கலாமா? நன்கொடையாளர்கள் கணக்குக் கேட்கிறார்களே.

சாமானைப் படம் எடுங்கள், பில்லைப் படம் எடுங்கள். வாங்குகிறவர் முகம் வேண்டாம்.

துபாயில் வேலை பார்க்கும் ராயபுரத்துக்காரர்: இங்கே நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். எப்படி அனுப்புவது?

தம்பி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. குடியுரிமை மாற்றிக்கொண்ட நண்பரோ வெளிநாட்டுக்காரரோ கொடுத்தால் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்புக்குத்தான் அதை அனுப்பலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அவர்களுக்கு இருக்கும் கணக்குக்கு. அதனால் எல்லாப் பணத்தையும் ஒன்றாகப் போட்டு ஊரில் ஒருவர் கணக்குக்கு அனுப்பிவிடாதீர்கள், அவர் மாட்டிக்கொள்வார்.

இங்கே இருக்கிறவர்களுக்கும் ஒன்று. முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் பழைய வருமான வரிமுறையில் முழுத் தொகைக்கும் வரிவிலக்கு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது.

தண்டையார்பேட்டை: இலங்கை மலையகத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் வெள்ளம், மண்சரிவு. இங்கிருந்து சாமான் அனுப்பலாமா?

2025 நவம்பர் டித்வா புயலில் அங்கே 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா பக்கம் மலையே சரிந்தது. அதே புயல்தான் வலுவிழந்து நம்ம எண்ணூரிலும் கொட்டியது. உங்கள் தவிப்பு புரிகிறதும்மா. ஆனால் தனியாளாகச் சாமான் அனுப்ப வேண்டாம். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து சாமான் விலையைத் தாண்டிவிடும். துறைமுகத்தில் அரசு சரக்குக்கும் அது இடைஞ்சல். சொந்தக்காரர்களுக்கு வங்கி மூலம் பணமாக அனுப்புங்கள், அதற்கு வழி இருக்கிறது. பொதுவாக உதவ நினைத்தால் இலங்கை செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி அங்கேயே கிளையும் ஆளும் வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். அரிசியை அந்த ஊர்க் கடையிலேயே வாங்கினால் மூழ்கிப்போன கடைக்காரரும் கொஞ்சம் எழுந்துகொள்வார்.

புளியந்தோப்பு: தண்ணீரில் இறங்கி வேலை செய்த பையன்களுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தானா?

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். "வெள்ளத் தண்ணீரில் நின்றான்" என்று டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் புண் வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். தண்ணீரில் இறங்கி இரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம். 2018 கேரள வெள்ளத்தில் தொண்டர்களுக்கு முன்கூட்டியே டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அடுத்த தடவை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

திருவொற்றியூர், ஐடி ஊழியர்: எல்லாரும் முதல் வாரமே கொடுத்துவிடுகிறார்கள். நான் ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் பயன் உண்டா?

தம்பி, நான் காத்திருந்த கேள்வி இது. முதல் வாரம் எங்கள் தெருவில் பிஸ்கட் பாக்கெட் மிதிபட்டுக் கிடந்தது. மூன்றாவது வாரம் ஒருத்தரும் வரவில்லை. வட்டிக்காரர் மட்டும் வந்தார்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவர். ஐந்து நாள் மிஷின் தண்ணீருக்குள் இருந்தது. அதைத் திண்ணையில் கவிழ்த்துப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சக்கரம் அசையவில்லை. ஊசி மட்டும் பளபளவென்று இருந்தது. அரிசிப் பையை நீட்டினேன். "அரிசி மூணு பை இருக்குக்கா, இது ஓடினா நானே வாங்கிக்குவேன்" என்றார். மிஷினைப் பழுது பார்க்க ஆன செலவு எங்கள் ஒரு வேளைப் பொட்டலச் செலவுக்குக்கூட வராது. அன்றிலிருந்து எங்கள் குழு பாதிப் பணத்தைத் தொடாமல் வைத்துக்கொள்கிறது.

மீன் விற்கிற அக்காவுக்கு அன்னக்கூடையும் தராசும். இஸ்திரி வண்டிக்காரருக்குப் பெட்டியும் கரியும். இட்லிக் கடைக்குக் கிரைண்டர் மோட்டார். ஆட்டோக்காரருக்கு இன்ஜின் வேலை. எண்ணூரில் 2023-ல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் சேர்ந்து முகத்துவாரத்தில் பரவியது. காட்டுக்குப்பம் பக்கம் வலையும் படகும் கறுப்பாகிப்போனது. அரசு படகுக்கு 10,000 ரூபாய் அறிவித்தது. ஆனால் எண்ணெய் ஏறிய வலை மறுபடி கடலுக்கு ஆகாது, மீனையும் வாங்க ஆள் இல்லை. அந்த மாதிரி இடத்துக்கு ஒரு மாதம் கழித்து வருகிற பணம்தான் வலை வாங்கும். தாராளமாக வாருங்கள், நானே கூட்டிப் போகிறேன்.

மணலி புதுநகர்: பூண்டி ஏரி திறந்தாலே எங்களுக்குப் பயம். மழைக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு என்ன செய்துவைக்கலாம்?

பூண்டியில் திறக்கும் தண்ணீர் கொசஸ்தலையாற்றில் உங்கள் பக்கமாக வந்துதான் எண்ணூரில் கடலுக்குப் போகிறது. கடல் ஏற்றமாக இருந்தால் வடியவே வடியாது. அதனால் செப்டம்பரிலேயே ஆரம்பியுங்கள். வீட்டுக்கு ஒரு கெட்டியான ஜிப் கவர் வாங்கிக் கொடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், அடகு ரசீது, சர்க்கரை மாத்திரைச் சீட்டு எல்லாம் அதற்குள் போக வேண்டும். மாடி வீட்டுக்காரர் யார் யாரைச் சேர்த்துக்கொள்வார் என்று இப்போதே பேசி வையுங்கள். மாநகராட்சி 1913, மின்வாரியம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108. இதைச் சுவரில் பெயின்ட்டால் எழுதுங்கள், தாளில் எழுதி ஒட்டினால் நனைந்துவிடும்.