குமரி மாவட்டத்துக்கு எந்த மாதம் வந்தால் திருவிழாவும் பார்த்து, மலை அருவியும் சுற்றலாம்?

கோவையிலிருந்து நான்கு பேர், மூன்று நாள் விடுப்பு, ஒரு திருவிழாவாவது பார்க்க வேண்டும், ஹோட்டல் அறையில் அடைந்து கிடக்காமல் வெளியே அலையவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒரே பதில்தான் சொல்வேன்: மாசி மாதம் மகா சிவராத்திரிக்கு வாருங்கள். சிவராத்திரிக்கு முதல் நாள் மதியத்துக்குள் மார்த்தாண்டம் பக்கம் முஞ்சிறையில் இருந்தால் போதும். மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

அங்கே தொடங்குவது சிவாலய ஓட்டம். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியும் நடந்தும் ஒரே மூச்சில் தரிசிப்பது. முஞ்சிறைத் திருமலையில் ஆரம்பித்து திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும். நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, காலில் செருப்பு கிடையாது. ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி எழுந்து, ஈரத்தோடு சாமி கும்பிட்டுவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். ஓடுவது சிவன் கோயிலுக்கு, வாயில் வருவதோ "கோபாலா, கோவிந்தா". பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகம் பீமனைத் துரத்திய கதையைக் காரணமாகச் சொல்வார்கள். சிவபக்தியில் ஊறிய அந்த மிருகத்தின் முன்னால் பெருமாள் பெயரைச் சொல்லிச் சீண்டிவிட்டு பீமன் ஓடினானாம். அது நெருங்கும்போதெல்லாம் கண்ணன் கொடுத்த ருத்திராட்சத்தில் ஒன்றைக் கீழே போட்டானாம். போட்ட இடத்தில் லிங்கம் முளைக்க, மிருகம் நின்று பூஜை செய்ய, இவன் மறுபடி ஓட. அப்படிப் பன்னிரண்டு.

கல்லூரி முடித்த வருடம் என் மாமாவோடு நானும் கிளம்பினேன். மாமா வருடம் தவறாமல் ஓடுகிறவர், ஒரு வாரம் விரதம் இருந்து காலைப் பழக்கி வைத்திருந்தார். நான் கிரிக்கெட் ஆடின கால்தானே என்ற தைரியத்தில் போனேன். நடு இரவு தாண்டித் திற்பரப்பில் முங்கியதும், அங்கிருந்து திருநந்திக்கரைக்கு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நடந்ததும் இன்றைக்கும் மறக்கவில்லை. முன்னால் போகிறவனின் விசிறி அசைவது மட்டும்தான் தெரியும். எங்கோ தூரத்தில் ஒரு கூட்டம் கோவிந்தா போடும், நம் கூட்டம் பதில் போடும். வீட்டு வாசல்களில் சுக்குத் தண்ணியும் கஞ்சியும் வைத்துக்கொண்டு ஆட்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். விடிந்து, வெயில் ஏறி, தார் ரோடு கொதிக்கத் தொடங்கியதும் என் கதை முடிந்தது. ஏழாவது கோயிலான கல்குளத்தில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி காலைப் பார்த்துவிட்டு, "மக்களே, போதும், வண்டியில ஏறிப் போ" என்றார். ஏறிவிட்டேன். மாமா அந்த வருடமும் முடித்தார்.

அதனால் முழுதும் ஓடச் சொல்லமாட்டேன். இப்போது பாதிப் பேருக்கு மேல் பைக்கிலும் வேனிலும்தான் சுற்றுகிறார்கள். திற்பரப்பு முதல் பொன்மனை வரை மட்டும் இரவில் நடந்து பாருங்கள். நடுவில் திருநந்திக்கரை, ஒவ்வொரு துண்டும் ஏழெட்டு கிலோமீட்டர்தான். விடிந்த பின் ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு 115 அடி மேலே பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம், காமராஜர் காலத்துத் திட்டம். மறுநாள் விடியற்காலையில் பொற்றையடி மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கிப் போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர் நம்பிக்கை. நாராயண குரு தவம் செய்த குகையும் அங்கேதான். வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். அன்று சாயங்காலம் கன்னியாகுமரி முனையில் நின்றால் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதைப் பார்க்கலாம். மார்ச் பாதி தாண்டினால் அது நிலத்துப் பக்கம் ஒதுங்கிவிடும். இதைத் தெரியாமல் மே மாதம் வந்து ஏமாந்து போகிறவர்கள் நிறைய.

மாசியில் இன்னும் இரண்டு உண்டு. மாசி 20 அன்று அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் அவதார தினம், நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குப் பெரிய ஊர்வலம் போகும். மாசிக் கடைசியில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் பத்து நாள் கொடைத் திருவிழா. கேரளத்துப் பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருவார்கள். சிவராத்திரியோடு சேர்ந்து வருமா என்பது வருடத்தைப் பொறுத்தது.

மாசியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அருவிகளில் தண்ணீர் மெலிந்திருக்கும். அதைவிட முக்கியம், காட்டுத்தீ காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வனத்துறை காட்டுக்குள் போகும் மலையேற்றப் பாதைகளை மூடிவிடும். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் பலியானதற்குப் பிறகு இதில் விளையாட்டே கிடையாது. யாராவது உள்ளூர் ஆள் "நான் கூட்டிப் போறேன்" என்றாலும் போகாதீர்கள்.

காடும் அருவியும்தான் முக்கியம் என்றால் நவராத்திரிக்கு முந்தைய வாரம் வாருங்கள். தென்மேற்கு மழை ஓய்கிற நேரம், மலை பச்சையாக இருக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானை மேல், கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், திருவனந்தபுரம் நவராத்திரிக்குக் கிளம்புவார்கள். போலீஸ் அணிவகுப்பு மரியாதையோடு சாமி மாநில எல்லை தாண்டுவதைப் பார்ப்பதே ஒரு தனி வேடிக்கை. அதைப் பார்த்துவிட்டுக் காட்டாறு ஓடும் காளிகேசம் பக்கம் போகலாம். திற்பரப்பு அருவிக்குக் கிளம்பும் முன் காலைப் பேப்பரில் பேச்சிப்பாறை அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 48 அடி. 45-ஐத் தொட்டு, உபரித் தண்ணீரும் திறந்திருக்கிறார்கள் என்றால் கோதையாறு பொங்கும், அருவியில் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். ஒருமுறை இதைப் பார்க்காமல் சென்னை உறவினர்களைக் கூட்டிப் போய், துண்டும் சோப்புமாகத் திரும்பி வந்தோம்.

மார்கழியில் சுசீந்திரம் தேர் இருக்கிறது. காலையில் பக்கத்துத் தேரூர் குளத்தில் வலசைப் பறவைகளைப் பார்த்துவிட்டு, அப்படியே தேருக்குப் போகலாம். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலத்துக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. அதற்கு முன் நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா, குடையோடு வாருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வருவதென்றால் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். வெயிலுக்காகச் சொல்லவில்லை, கடலுக்காக. காற்றே இல்லாத நாளில், வானம் தெளிவாக இருக்கும்போது, எங்கோ தொலைவில் எழுந்த அலை திடீரென்று ஏறி வரும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படி ஒரு நாளில்தான். கடற்கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் மீனவரிடம் "இன்னைக்கு இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் கால்கூட நனைக்க வேண்டாம்.

சாப்பாடு: மரச்சீனிக் கிழங்கும் (உங்கள் ஊர் மரவள்ளி) மீன்கறியும், வழியில் மட்டி வாழைப்பழம். சிவராத்திரி அன்று மீன்கறி தேடாதீர்கள், அந்தப் பன்னிரண்டு ஊரிலும் முறைப்பார்கள்.