வாசகர் கேள்வி: திருப்பலியில் ஆராத்தி எடுக்கலாமா?

கேள்வி: பொங்கல் திருப்பலியில் மலர், தூபம், தீபம் கொண்டு ஆராத்தி எடுத்தார்கள். "இது இந்துக் கோயில் வழிபாடு, கலக்கக் கூடாது" என்று என் பெரியப்பா வருந்துகிறார். அவர் சொல்வது சரியா? – வாசகி, அங் மோ கியோ

பதில்: உங்கள் பெரியப்பாவின் கவலையைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கருவறையில் தெய்வத் திருமேனிக்குக் காட்டப்படும் தீபத்தைப் பலிபீடத்தில் காட்டினால் அதன் பொருளும் கூடவே வந்துவிடும் என்பதும், செபிக்கும் முறை மாறினால் நாளடைவில் விசுவாசமே மாறும் என்பதும்தான் மரபுவாதிகளின் வாதம்.

இந்தச் சர்ச்சை புதிதன்று. மதுரையில் தத்துவ போதகர் எனப்பட்ட இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி கிறிஸ்தவர்களுக்கு அனுமதித்த பூணூல், குடுமி, சந்தனத்தை 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை நீக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஏற்றார். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் 'மலபார் சடங்குகள்' எனப்பட்ட இத்தகைய தென்னிந்திய வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தார். பிறகு 1969இல், இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில், திருப்பலியின் மையச் செபமான நற்கருணை மன்றாட்டின் முடிவில் ஆராத்தி எடுப்பது உட்பட, இந்திய வழக்கங்களை வழிபாட்டில் சேர்க்கும் 12 தழுவல்களுக்கு வத்திக்கான் இசைவளித்தது.

ஆகவே ஆராத்தியைத் திருச்சபை தவறென்று கருதவில்லை. ஆனால் அந்த இசைவு இந்தியாவுக்குரியது. வழிபாட்டில் எதையும் தம் விருப்பப்படி சேர்க்கக் குருவுக்கு உரிமையில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்வதால், சிங்கப்பூரில் இதற்குப் பேராயரின் ஒப்புதல் உண்டா என்று பங்குத்தந்தையிடம் கேட்பது முறை. பெரியப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மேலும், தமிழகத்தில் தலித் கிறிஸ்தவர்கள் பலர் இத்தழுவல்களைப் பிராமணியத்தின் மறுவருகையாகப் பார்த்தார்கள். என் பார்வையில் அதுவே இன்னும் கனமான ஆட்சேபம்.