கையில் எது, காலடியில் எது, தலைக்கு மேல் எது? விமானப் பயணிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

விமானப் பணிப்பெண்ணாகப் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெரும்பாலும் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூர், துபாய் போகிற விமானங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, மேல் பெட்டியைத் திறந்து மாத்திரை தேடுகிற ஒருவரையாவது ஒவ்வொரு பயணத்திலும் பார்ப்பேன். நன்றாகத்தான் அடுக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். துணி ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், காகிதங்கள் ஒரு பக்கம் என்று வகை பார்த்து அடுக்கியிருப்பார்கள். எந்த நேரத்தில் எதை எடுக்க வேண்டிவரும் என்று மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் அங்கேதான் போய் நிற்கின்றன.

எனக்கு 64 வயது. மகளின் பிரசவத்துக்காக முதல்முறையாகத் தனியாக டாலஸ் போகிறேன். தோஹாவில் விமானம் மாற வேண்டும். புடவைதான் கட்டுவேன். பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, பல்செட் இதையெல்லாம் எங்கே வைத்துக்கொள்வது? (வாசகி, கும்பகோணம்)

புடவையில் பாக்கெட் கிடையாதே என்பதுதான் முதல் சிக்கல், அம்மா. நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப்பை செருகி அதைச் சமாளித்தார்கள். நீங்கள் அதையே கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். தோளில் குறுக்காக மாட்டுகிற, ஜிப் உள்ள, இரண்டு அறை வைத்த சின்னப் பை போதும். சோதனை எந்திரத்தில் போடும்போதும், விமானம் ஏறி இறங்கும் நேரத்தில் பணிப்பெண் கழற்றி முன் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லும்போதும் தவிர அது உங்கள் உடம்பை விட்டுப் பிரியக் கூடாது. கழிவறைக்குப் போகும்போதும், தூங்கும்போதும்கூட.

முதல் அறையில் பாஸ்போர்ட், இரண்டு போர்டிங் பாஸ், அப்புறம் மகளின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு காகிதம். போனில்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். தோஹாவிலிருந்து டாலஸ் போகவே ஏறக்குறைய பதினாறு மணி நேரம். இறங்கும்போது போனில் சார்ஜ் இல்லாவிட்டால், குடிநுழைவு அதிகாரி எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்கும்போது தவிப்பாக இருக்கும். பாஸ்போர்ட்டை யார் வாங்கிப் பார்த்தாலும், அது திரும்பக் கைக்கு வந்து, அதே அறைக்குள் போய், ஜிப்பை மூடிய பிறகே அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

இரண்டாவது அறையில் கண்ணாடிக் கூடு, அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டிய மாத்திரை, பல்செட் டப்பா. பல்செட்டைக் கழற்றினால் நேராக டப்பாவுக்குள் போக வேண்டும். காகிதக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைத்தவர்களுக்காகக் குப்பைப் பையைக் கிளறித் தேடியிருக்கிறேன். எல்லா முறையும் கிடைத்ததில்லை. எதிர் சீட்டின் பையில் கண்ணாடியையோ பாஸ்போர்ட்டையோ வைக்கவே வைக்காதீர்கள். பயணிகள் இறங்கிய பிறகு நாங்கள் அதிகம் கண்டெடுப்பது அங்கேதான். மீதி மருந்து முழுவதும், அட்டையைப் பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு அடுத்த பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் ஒரு அட்டைகூட வேண்டாம். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால் என்ன செய்வீர்கள்?

அந்த அடுத்த பை முன் சீட்டுக்கு அடியில், காலருகே. சால்வை, சாக்ஸ், மாற்று ரவிக்கை, காலித் தண்ணீர் பாட்டில். பாட்டில் ஏன் காலியாக என்றால், தோஹாவில் மறுபடியும் சோதனை உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டச் சொல்வார்கள். இதற்கு மேல் உள்ளதெல்லாம் தலைக்கு மேலே போகலாம்.

கிளம்புவதற்கு முன்தினம் வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சின்னப் பைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நீண்ட பயணத்தில் பாதி நேரம் விளக்கை அணைத்துவிடுவார்கள். கை பழகியிருந்தால் இருட்டிலும் தடுமாற்றம் வராது. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். தோஹா பெரிய நிலையம், தனியாக அலைய வேண்டாம். பேரக்குழந்தையை நல்லபடியாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பவர் பேங்க்கை எங்கே வைக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்னுடையது 20,000 எம்ஏஹெச். (வாசகர், புதுக்கோட்டை)

செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது, தம்பி. இது எல்லா விமானங்களுக்கும் பொதுவான விதி. அளவைக் கணக்கிட, எம்ஏஹெச் எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். கிடைப்பது வாட்-மணி, பேட்டரியின் கொள்ளளவை விமானங்களில் இந்த அளவில்தான் பார்ப்பார்கள். உங்களுடையது 74 வாட்-மணி. நூறு வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. நூறுக்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் மேலே போனால் அனுமதியே கிடையாது. மேலே அச்சிட்ட எண் அழிந்துபோயிருந்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பையில் வைத்தாலும் தலைக்கு மேல் தள்ளிவிடாதீர்கள். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில், புறப்படத் தயாராக நின்ற ஒரு விமானம் தீப்பிடித்து எரிந்தது. பயணிகள் எல்லாரும் வெளியேறி உயிர் தப்பினார்கள். பவர் பேங்க் ஒன்றில் ஏற்பட்ட கோளாறு காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதே ஆண்டு மார்ச் முதல் கொரிய விமானங்களில் பவர் பேங்க்கை மேல் பெட்டியில் வைக்கத் தடை வந்தது. ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபர் முதல் எமிரேட்ஸும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டன. லித்தியம் பேட்டரி சூடேறிப் புகைய ஆரம்பித்தால் முதல் சில நிமிடங்கள்தான் எங்களுக்குக் கிடைக்கும். மூடிய பெட்டிக்குள் இருந்தால் புகை வெளியே வரும்வரை யாருக்கும் தெரியாது. உங்கள் காலருகே இருந்தால் வாசனை வந்ததுமே நீங்கள் குரல் கொடுப்பீர்கள். வீட்டிலேயே போனை முழுக்கச் சார்ஜ் செய்துகொண்டு கிளம்புங்கள்.

தூங்கும்போது போன் சீட்டு இடுக்கில் விழுந்துவிட்டால்?

சீட்டை அசைக்காதீர்கள். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். சீட்டின் இரும்புப் பாகங்களுக்கு இடையே போன் நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கலாம். அழைப்பு மணியை அழுத்துங்கள், நாங்கள் எடுத்துத் தருவோம். அதற்கான பயிற்சி எங்களுக்கு உண்டு. யாரும் திட்ட மாட்டார்கள்.

ஐந்து மாதக் குழந்தையோடு தொட்டில் மாட்டுகிற சீட் வாங்கியிருக்கிறோம். கைப்பொருளை எப்படி அடுக்குவது? (வாசகி, கோவை)

தொட்டில் மாட்டும் சீட்டுக்கு முன்னால் சுவர்தான் இருக்கும். அதனால் காலருகே பை வைக்க இடமில்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாப் பையும் மேலே போய்விடும். குழந்தைகளுக்குக் காது அடைத்து அழுகை வருவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே பால் பாட்டில், ஒரு துண்டு, ஈரத்துடைப்பான் இந்த மூன்றையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் துண்டு மட்டும் போதும். விமானம் இறங்கத் தொடங்கும்போது குழந்தை எதையாவது உறிஞ்சி விழுங்கிக்கொண்டிருந்தால் காது வலி குறையும். கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு குழந்தையின் பாலுக்கு இல்லை. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் சரி.

டயபர் பை முழுவதையும் கழிவறைக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உள்ளே திரும்பவே இடம் இருக்காது. வீட்டிலேயே சிறு சிறு கட்டுகளாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டில் ஒரு டயபர், சில துடைப்பான்கள், ஒரு மாற்று உடை, அழுக்கைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர். இப்படி நான்கைந்து கட்டு. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் போதும். உங்களுக்கும் ஒரு மாற்று மேலாடை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மூன்று செட் எடுத்து வந்துவிட்டு, அது தங்கள் மேல் வாந்தி எடுத்ததும் மாற்ற ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் நிறைய.

விமானம் குலுங்கினால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கச் சொல்வோம். தூங்குகிறதே என்று கெஞ்சாதீர்கள், உடனே எடுத்துவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறேன். விமானத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தருவார்களா? (வாசகர், மதுரை)

கேட்காமல் இருப்பதே நல்லது, ஐயா. அங்கே உறைகிற அளவுக்குக் குளிர் இருக்கலாம். உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. செக்-இன் பெட்டியில் வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக நான்கு வாரம் தாங்கும், பெட்டியோடு வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காதவற்றைக் குளிர்காப்புப் பையில் போட்டு, ஐஸ் பேக் நேராகப் படாதபடி துணி சுற்றிக் காலருகே வையுங்கள். மருத்துவரின் கடிதம் கூடவே இருக்கட்டும், ஊசி இருப்பதால் கேட்பார்கள்.

இன்னொன்று, இதை மறக்காதீர்கள். சாப்பாட்டு வண்டி வருவதைப் பார்த்ததும் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வானிலை மோசமானால் வண்டியை நடுவிலேயே திருப்பி எடுத்துப் போய்விடுவோம். தட்டு உங்கள் முன் வந்த பிறகு போடுங்கள். சர்க்கரை இறங்கினால் வாயில் போட குளுக்கோஸோ மிட்டாயோ சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் போன சின்ன விமானத்தில் கைப்பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். இது சரியா?

சரிதான். ஏடிஆர் போன்ற விமானங்களில் மேல் பெட்டி சிறியது, பெரிய விமானத்துக்கென்று வாங்கிய சக்கரப் பெட்டி அதில் போகாது. இடம் நிரம்பிவிட்டால் பெரிய விமானத்திலும் வாங்குவதுண்டு. அந்தப் பெட்டி சரக்கறைக்குப் போகிறது என்பதால் பாஸ்போர்ட், மருந்து, நகை, லேப்டாப், பவர் பேங்க் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். இவற்றை முதலிலேயே ஒரு துணிப்பையில் போட்டு, பெட்டிக்குள் மேலாக வைத்துவிட்டால், வரிசையில் நின்று குடைய வேண்டியதில்லை. ஒரே இழுப்பு.

வெளிநாட்டு விமானத்தில் கட்டுச்சோறு கொண்டு போகலாமா? (வாசகி, திருநெல்வேலி)

தாராளமாக. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, சப்பாத்தி எதற்கும் தடையில்லை. தயிர், சட்னி, ஊறுகாய் மட்டும் திரவக் கணக்கில் வந்துவிடும், சோதனையில் எடுத்துவிடுவார்கள். டப்பாவைக் காலருகே நிமிர்த்தி வையுங்கள். மேல் பெட்டியில் சாய்ந்து எண்ணெய் கசிந்தால் கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் சொட்டும். மீதியை அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ கையில் எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். தரையிறங்கும் முன் குப்பை வாங்க வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.