ரத்தக் கறை, பிண வாடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: ரத்தம் கொட்டிய தரையில் பிளீச்சிங் பவுடரை அப்படியே தூவலாமா? எவ்வளவு? (திருப்பூர்)

ப: தூவாதீர்கள். மேலே வெளுக்கும், அடியில் அப்படியே இருக்கும். ரத்தத்திலுள்ள புரதமே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. வரிசை ஒன்றுதான்: அள்ளு, கழுவு, அப்புறம் மருந்து. பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு 1 சதவீத ஹைப்போ (ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசல்): 5 சதவீத பாட்டில் என்றால் ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர், பவுடர் என்றால் லிட்டருக்கு 30-35 கிராம். 20 நிமிடம் தரை ஈரமாகவே இருக்கட்டும். கரைசலை அன்றன்று கலக்குங்கள். போன வருடம் பிரித்து ஈரம் கோத்த பாக்கெட்டில் வீரியம் கிடையாது. வெந்நீர் கூடவே கூடாது, கறை கெட்டிப்பட்டுப் பிடித்துக்கொள்ளும்.

கே: கறை போகவில்லை என்று பிளீச்சிங் மேலேயே பாத்ரூம் ஆசிட்டும் ஊற்றினோம். கண் எரிந்தது, இருமல் வந்தது. ஏன்?

ப: குளோரின் வாயு. ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் வெளியே போங்கள். இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு. இரண்டையும் கலக்காதே என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், படிக்கத்தான் ஆளில்லை.

கே: தனியாக இருந்த பெரியவர் இறந்தது ஐந்தாறு நாள் கழித்துத்தான் தெரிந்தது. புகை அடித்தால் இரண்டு மணி நேரத்தில் வாடை போய்விடும் என்கிறது ஒரு கம்பெனி. நம்பலாமா? (சென்னை)

ப: நம்பாதீர்கள். இந்தப் புகை வியாபாரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது. உடலிலிருந்து கசியும் நீர் மெத்தையில் நிற்காது. மெத்தையைத் தாண்டி கட்டில் பலகை, அங்கிருந்து டைல்ஸ் இடுக்கு, அதற்கும் கீழே சிமெண்ட் என்று இறங்கிக்கொண்டே போகும். மேலே தட்டளவு கறை என்றால் அடியில் முறம் அளவு இருக்கும். நாற்றம் அங்கே உட்கார்ந்திருக்க, காற்றில் வாசனைப் புகை அடித்து என்ன பயன்? நாலு நாள் அடங்கும். ஐந்தாம் நாள் வெயிலில் திரும்ப வரும்.

முதல் வேலை, ஏசியை நிறுத்துவது. மெத்தையை வெட்டி இரட்டைப் பையில் கட்ட வேண்டும். ஊறிய பலகையைக் கழற்றி எறிய வேண்டும், பிளைவுட்டைக் காப்பாற்ற முடியாது. டைல்ஸ் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே கறுத்து ஈரமாக இருந்தால் டைலைப் பெயர்த்து, கறை தீரும்வரை சிமெண்டைக் கொத்தியே ஆகவேண்டும். பிறகு என்சைம் கிளீனரை (கறையின் புரதத்தைச் சிதைக்கும் திரவம்) ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். ஹைப்போ அதைக் கழுவித் துடைத்த பின்தான். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் ஹைப்போ என்சைமைக் கொன்றுவிடும். இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்ததும் எபாக்ஸி (கெட்டியாகும் பிசின்) பூசி அடைத்து, புது டைல் போடலாம். திரைச்சீலை, ஏசி ஃபில்டர் எல்லாம் வாடையைப் பிடித்து வைத்திருக்கும், மறந்துவிடாதீர்கள். புகையோ ஓசோனோ இவ்வளவும் முடிந்த பிறகுதான், அதுவும் வீட்டில் ஆள் இல்லாதபோது.

சுத்தம் செய்ய வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "எந்த டைலை எடுப்பீர்கள்?" விழித்தால் அனுப்பிவிடுங்கள். என்95 மட்டும் மாட்டி வருபவரையும்தான். அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்கு கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

கே: ரத்தம் ஊறிய மெத்தையை மாநகராட்சி குப்பை வண்டியில் போடலாமா?

ப: கூடாது. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளில் இது மஞ்சள் பை, எரிஉலைக்குப் போவது. சுத்தம் செய்யும் கம்பெனி எந்த ஆலையில் ஒப்படைக்கிறது என்று கேட்டு ரசீது வாங்குங்கள். எரிக்கப் போகும் மெத்தையில் ஹைப்போ ஊற்றாதீர்கள், குளோரின் ஏறியதை எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும்.

கே: போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கழுவலாமா?

ப: பார்த்துவிட்டுப் போவது வேறு, விசாரணை முடிவது வேறு. இயற்கைக்கு மாறான சாவு என்றால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 174) விசாரணை உண்டு. இடத்தை விடுவித்ததாக அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கே: வீட்டு வேலை செய்யும் அம்மாவைக் கழுவச் சொன்னோம். கண்ணாடிச் சில்லு குத்திவிட்டது. டெட்டால் போதுமா?

ப: வெறும் கையோடு இறக்கிவிட்டு இப்போது டெட்டாலா? குத்திய இடத்தைப் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் 2 மணி நேரத்திலேயே. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் உயிரோடு இருக்கும், தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். செலவு உங்களுடையது.

கே: பட்டுப் புடவையில் ரத்தம் பட்டுவிட்டது. ஹைப்போ போடலாமா?

ப: போட்டால் கறையோடு பட்டும் கரைந்து போகும். பச்சைத் தண்ணீரில் அலசி, டிரை கிளீனரிடம் இது ரத்தம் என்று சொல்லியே கொடுங்கள்.