லைஃப் டிராயிங் வகுப்புக்கு உதவித்தொகையா? முதலில் அந்த நாலாயிரத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பி.காம். படிக்கிறாள், எட்டாம் வகுப்பிலிருந்து ஓவியம் கற்றுவருகிறாள். சென்னையில் ஞாயிறுதோறும் நடக்கும் லைஃப் டிராயிங் வகுப்புக்கு, அதாவது ஆளை எதிரில் உட்காரவைத்து வரையும் வகுப்புக்கு, போக ஆசைப்படுகிறாள். ஒரு நாளைக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள், அரக்கோணத்திலிருந்து போய்வரும் செலவு தனி. இதற்கு உதவித்தொகை உண்டா? 4,000 ரூபாய் கொடுத்தால் மத்திய அரசு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாக இங்கே ஒருவர் சொல்கிறார். ஆடையில்லாத மாடலை வரையச் சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்த ஆளுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் போகட்டும், மகளின் ஆதாரையும் ஓடிபியையும் மட்டுமாவது கொடுக்காமல் இருங்கள். மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

லைஃப் டிராயிங்குக்கு என்றே தனியாக ஒரு உதவித்தொகை நம் ஊரில் இல்லை. ஆனால் அந்தச் செலவுக்குப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. மத்தியக் கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்குக் கொடுப்பது, நடத்துவது டில்லி துவாரகாவில் இருக்கும் சிசிஆர்டி என்ற அந்த அமைச்சகத்தின் பயிற்சி மையம். 18 முதல் 25 வயது வரை விண்ணப்பிக்கலாம். மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். பயணம், வரைபொருள், பயிற்சிக் கட்டணம் எல்லாம் இதிலேயே அடங்கும், எனவே உங்கள் 600 ரூபாயும் ரயில் செலவும் தாராளமாக இதற்குள் வரும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் இனிமேல்தான். நாடு முழுக்க 400 பேருக்குத்தான், அதிலும் பாட்டு, நடனம், நாடகம் எல்லாம் சேர்த்து. பணமும் மாதாமாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 30,000 என்று நான்கு தவணை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சனிக்கிழமையே காசு வேண்டும் என்பது இந்தத் திட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் படித்த ஒரு பையன் முதல் தவணை கணக்கில் ஏறும்வரை வட்டிக்குக் கடன் வாங்கி சார்கோல் (வரையும் கரி) வாங்கினான். அதனால் பணம் வரும் என்று நம்பி வகுப்பில் சேராதீர்கள். வகுப்பை வேறு வழியில் தொடங்குங்கள், விண்ணப்பம் பின்னால் போய்க்கொண்டிருக்கட்டும்.

இது புதிதாகக் கற்பவர்களுக்கான உதவித்தொகை இல்லை. குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது 5 வருடம் கற்றிருக்க வேண்டும். இந்த 5 வருடத்தில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஐந்து வருடமும் ஒரே மாஸ்டரிடம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று வருடம் உங்கள் ஊர் மாஸ்டரிடம், பிறகு இரண்டு வருடம் வேறொருவரிடம் என்றாலும் கணக்கில் சேரும், ஆனால் இரண்டு பேரும் சான்று எழுதித் தர வேண்டும். இப்போது கற்றுக்கொடுப்பவர் மட்டும் ஐந்து வருடத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சான்று, அவரையும் சேர்த்து மாட்டிவிடும். எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை என்று இரண்டு சான்றிலும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், இரண்டு காலமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கக் கூடாது. பள்ளியில் வாரத்துக்கு ஒரு டிராயிங் பீரியட் இருந்ததே, அதையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம், அதைப் பயிற்சி என்று சொன்னால் நேர்காணலில் சிரிப்பார்கள். உங்கள் மகள் எட்டாம் வகுப்பிலிருந்து இடைவிடாமல் கற்றிருந்தால் ஐந்து வருடம் தாண்டிவிட்டது, பழைய மாஸ்டரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

இனி புரோக்கர் விஷயம். தேர்வுக் குழு படைப்பைப் பார்த்து, ஆளை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. நடுவில் நிற்பவர் அங்கே என்ன செய்ய முடியும்? ஆன்லைன் படிவத்தை நிரப்புவார், அவ்வளவுதான், அதை உங்கள் மகளே அரை நாளில் முடித்துவிடுவாள். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ‘தேசிய ஓவியப் போட்டி’ என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் தங்கப் பதக்கம் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழ்களை ஃபைல் நிறைய அடுக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். யாரும் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

தேர்வுக் குழு பார்ப்பது வரைந்த கோடுகளைத்தான். போட்டோவைப் பார்த்துக் காப்பி அடித்த படம் ஒரு நொடியில் தெரிந்துவிடும்: முகத்தில் கண்ணிமை வரைக்கும் மினுக்கியிருக்கும், கை பாக்கெட்டுக்குள் போயிருக்கும், பாதம் தாளுக்கு வெளியே போயிருக்கும். நேரில் ஆளை வைத்து வரைந்த படத்தில் தோள் கோணலாக இருக்கலாம், ஆனால் உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்கியிருக்கிறது என்பது தெரியும். அதற்காகத்தான் லைஃப் டிராயிங் வேண்டும், அதற்குச் சென்னைக்கே போயாக வேண்டும் என்றும் இல்லை. அரக்கோணம் ஜங்ஷன் நடைமேடையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள், மூட்டைமேல் சாய்ந்து தூங்குபவரைவிட அசையாத மாடல் எங்கே கிடைப்பார்? சென்னை ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் காலங்காலமாக சென்ட்ரல் ஸ்டேஷனில் வரைந்து பழகியவர்கள்தான். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலைக்கு, அதைச் செய்த சிற்பி ராய் சௌத்ரி போஸ் கொடுக்க வைத்தது அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளியைத்தான் என்று அங்கே இன்னும் சொல்வார்கள். ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்தால் தலைக்கு 100 ரூபாய் போட்டு, தெரிந்த பெரியவர் ஒருவரை இரண்டு மணி நேரம் உட்காரவைக்கலாம். முதலில் ஒரு நிமிடப் போஸ் பத்து, பிறகு ஐந்து நிமிடம், கடைசியில் இருபது நிமிடம். தாத்தாவுக்கு நடுவில் டீ வாங்கிக் கொடுக்க மறக்காதீர்கள்.

சென்னை வகுப்பும் வேண்டும் என்றால் நடத்துபவரிடம் நேராகக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ‘மாதம் இரண்டு ஞாயிறு வருகிறேன், பாதிக் கட்டணம் தருகிறேன், படம் வைக்கும் ஸ்டாண்டுகளை எடுத்துவைத்து, முடிந்ததும் இடத்தைக் கூட்டித் தருகிறேன்’ என்று மகளே கையால் எழுதிய கடிதத்தோடு மூன்று நல்ல ஸ்கெட்சும் அனுப்பட்டும். நான் வகுப்பு நடத்திய காலத்தில் இப்படி இரண்டு இடம் எப்போதும் ஒதுக்கிவைத்திருந்தேன், அறிவிப்பில் மட்டும் போட்டதில்லை, போட்டால் கார் வைத்திருப்பவர்களும் கேட்பார்கள்.

மாடல் பயத்துக்கு வருகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் பெரும்பாலும் மாடல் ஆடையோடுதான் உட்காருவார். ஆனாலும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: வகுப்பில் செல்போனில் படம் எடுக்க விடுவார்களா? ‘எடுக்கலாமே’ என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.